நாலு மணிக்கு வருகிற காளஹஸ்திக்காரர்

என் பதினான்கு வருட உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்கு எழுபது வயது இருக்கும். மனைவி போய்விட்டாள். காது கேட்காது. காளஹஸ்தியில் ஏதோ ஒரு தெருவில் தனியாக இருக்கிறார். இதில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை, எல்லாம் என் நைனா தானாகக் கண்டுபிடித்தது. நான் எழுதியது நானூறு வரி புரோகிராம், அவ்வளவுதான்.

நான் வீடியோ கேம் எழுதுகிறவன். ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில் இன்ஜினியர் என்றால் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். கேம் எழுதுகிறான் என்றால் நைனாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். படிக்க வைத்தும் பையன் விளையாடிக்கொண்டே இருக்கிறானே என்கிற பரிதாபம். நைனாவும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்.

அவர் முப்பத்தைந்து வருடம் பவர்லூம் ஷெட்டில் நின்றவர். ஒரு தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு தறி ஓடும். அறுபது வயதுக்குள் இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் கத்தினால் பாதி ஏறும். காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "தறி சத்தந்தான்டா திரும்ப கேக்குது" என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். டீக்கடையில் அவரோடு உட்காருகிறவர்கள் முதலில் கத்திப் பேசினார்கள். பிறகு அவசியமானதை மட்டும் கத்தினார்கள். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காது போன மனிதரை யாரும் ஒதுக்குவதில்லை. பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார்கள். நானும் சுருக்கிக்கொண்டவன்தான்.

திருப்பதிக்கு வெளியே ஒரு காலேஜில் படித்துவிட்டு பெங்களூருக்குப் போனேன். முதல் வருடம் முழுக்க கதவுதான் எழுதினேன். ஹீரோ பக்கத்தில் வந்தால் கதவு திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். இரண்டாம் வருடம் தண்ணீர். அதற்குப் பிறகுதான் எனக்கென்று ஒரு வேலை அமைந்தது: எதிராளி எழுதுவது. நீங்கள் போனில் தனியாக விளையாடும்போது எதிரே ஆடுகிற ஆள் இருக்கிறானே, அவனுடைய மூளையை யாராவது எழுத வேண்டும். அவனைக் கெட்டிக்காரனாக எழுதுவது சுலபம், கம்ப்யூட்டர் தப்பே செய்யாது. மனிதன் மாதிரித் தப்புச் செய்ய வைப்பதுதான் கஷ்டம். எந்த இடத்தில் அசர வேண்டும், எப்போது தயங்க வேண்டும், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை எப்படிக் கோட்டை விட வேண்டும் என்பதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. நைனாவிடம் ஒருமுறை காதருகே கத்தி விளக்கினேன். யோசித்துவிட்டு, "அப்ப தோக்கறதுக்குதான் ஒனக்கு சம்பளம்" என்றார்.

அம்மா இறந்த வருடம் பெங்களூரை விட்டுவிட்டேன். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகும் ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில், சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். நைனாவை எங்களோடு வந்து இருக்கச் சொன்னோம். "அங்க வந்து இன்னா பண்றது? கதவ பாத்துக்கினு உக்காரவா?" என்றார். கதவு எழுதியவனிடம் இதைக் கேட்டார். அவர் நகரியிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறிப் போவேன். இருவரும் சாப்பிடுவோம். அவர் சத்தமில்லாமல் டிவி பார்ப்பார், நான் போனைப் பார்ப்பேன். பிறகு கிளம்பி வந்துவிடுவேன். அம்மா இருந்தவரை அவளுக்கென்று ஒரு சைகைப் பேச்சு உண்டு, அவருக்கு எல்லாம் புரியும். அது அவளோடு போய்விட்டது. அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, வாரக்கணக்கில் முகம் வழிக்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

எங்கள் கம்பெனியில் அப்போது ஆடு புலி ஆட்டத்தை போனுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் ஒன்றாகச் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்க வேண்டும். உலகத்தில் எங்கிருந்தாலும் இரண்டு பேர் ஆடலாம் என்பதுதான் விளம்பரம். ஆனால் புது ஆப்பில் எதிரே ஆட ஆளுக்கு எங்கே போவது? முதலாளி தெலுங்குக்காரர், நல்ல மனிதர். "ஆள் இல்லையென்றால் வந்தவன் அழித்துவிட்டுப் போய்விடுவான். ஆள் மாதிரி ஒன்று எழுது" என்றார்.

எழுதினேன். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிரந்தர எதிராளி. பெயர் கிடையாது, பக்கத்து ஊர் ஒன்றின் பெயரும் சாம்பல் நிறத்தில் ஒரு தலையும் மட்டும் தெரியும். நீங்கள் தினமும் எந்த நேரத்தில் ஆடுகிறீர்களோ அந்த நேரத்துக்கு அவரும் வருவார். காய் நகர்த்த மூன்று வினாடி முதல் இருபது வினாடி வரை எடுத்துக்கொள்வார். அவருக்கு மூன்றே வாக்கியம் தெரியும்: வணக்கம். நல்ல ஆட்டம். நாளைக்கு வரேன். நீங்கள் தொடர்ந்து மூன்று தடவை தோற்றால், நாலாவது ஆட்டத்தில் அவருடைய புலி ஒரு ஆட்டைப் பார்க்காமல் விட்டுவிடும். எல்லாம் நீங்கள் மறுநாளும் வர வேண்டும் என்பதற்காக. இதற்கெல்லாம் எங்கள் தொழிலில் கௌரவமான பெயர்கள் உண்டு. நைனாவிடம் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

வயதானவர்கள் விரலுக்குக் காய் அகப்படுகிறதா என்று பார்க்கத்தான் அதை நைனாவின் போனில் ஏற்றினேன். அவருக்கு விழுந்த ஊர் காளஹஸ்தி.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போனபோது முகம் வழித்து, சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கேயாவது போகிறாரா என்று கேட்டேன். "நாலு மணிக்கு காளஹஸ்திக்காரரு வருவாரு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் போனைச் சாய்த்து எனக்குக் காட்டினார். நைனா எப்போதும் ஆடு. காளஹஸ்திக்காரர் எப்போதும் புலி. ஒரு ஆட்டைத் தூக்கி வைத்துவிட்டு, எதிராளி யோசிக்கிற இருபது வினாடியும் நைனா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அந்த இருபது வினாடியில் அங்கே யாரும் யோசிக்கவில்லை என்பது வீட்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம் கருணை இல்லை, பெருமை. என் வேலையை இப்படி யாரும் பாராட்டியதில்லை.

வாரம் ஒன்றாக அவரைப் பற்றி நைனா சேகரித்தார். "வணக்கம், நாளைக்கு வரேன், அதுக்கு மேல ஒரு வார்த்த கூட பேசமாட்டாரு. அவருக்கும் காது போயிடிச்சி போல." இன்னொரு வாரம், "பொண்டாட்டி இல்லடா அவருக்கு. இருந்தா நாலு மணிக்கு காப்பி குடிக்க கூப்பிட்டிருப்பா. ஒரு நாளும் நடுவுல எழுந்து போனதில்ல." வேறொரு நாள் குரலைத் தாழ்த்தி, காது கேட்காதவர் தாழ்த்தினால் தெருவுக்கே கேட்கும், "ஆட்ட பாக்காத மாதிரி உட்டுட்டாருடா. பாத்தாரு. நான் வரிசையா தோத்துக்கினு இருந்தேன் இல்ல, அதான். மனசு இருக்கற மனுசன்" என்றார்.

என் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன், சண்டை பிடித்தாள். "மாமாகிட்ட சொல்லிடுங்க. பின்னால தெரிஞ்சா தாங்கமாட்டாரு." "சந்தோஷமாதான கீறாரு, இருக்கட்டும்" என்றேன். இரண்டு வருடம் இருந்தது. காளஹஸ்திக்கு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று நைனா கேட்டபோது, விலாசம் தர கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்று கத்தினேன். அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் பழைய ஷெட்டிலிருந்து இரண்டு துண்டு வாங்கி, என்றைக்காவது அவருக்குக் கொடுக்க என்று, காது மெஷின் இருந்த பீரோவிலேயே வைத்தார்.

அந்த ஆட்டம் ஓடவில்லை. முதலாளி முடிந்தவரை இழுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் எங்கள் நாலு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஆப் மூடப்படுகிறது என்று இங்கிலீஷில் ஒரு அறிவிப்புப் போட்டோம். அதை எழுதியவன் நான். நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எதிராளிகளை முதலில் நிறுத்து, ஆப்பைப் பிறகு மூடிக்கொள்ளலாம் என்று உத்தரவு. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், ஒரே ஒரு வரியை மாற்றினேன். நைனாவின் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவரிடம் போனில் பேச முடியாதே.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. திங்கட்கிழமை சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு இன்டர்வியூ இருந்தது, அதற்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் சமாதானம் என்னிடம் இல்லை.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. தெலுங்கு. "உங்கள் அப்பா காளஹஸ்தியில் எங்கள் வீட்டில் இருக்கிறார். சட்டைப் பையில் உங்கள் நம்பர் இருந்தது. ஒன்றும் பயமில்லை, நிதானமாக வாருங்கள்" என்றார் ஒருவர். ரேணிகுண்டா, ஏர்பேடு என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த பஸ் ஆள் ஏற்றி இறக்கியபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாரையும் நிதானமாக ஏற்றினார்கள்.

வீட்டு வாசலில் ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே ஒரு கிழவரின் போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தது. அதற்குக் கீழே நைனாவின் இரண்டு துண்டுகளும் மடித்தபடி இருந்தன. பக்கத்தில் நைனா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"செத்துட்டாருடா" என்றார். "சனிக்கெழம காத்தாலயாம். நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கற ஆளில்ல அவரு. வெள்ளிக்கெழம நாலு மணிக்கு வரல. அப்பவே நெனச்சேன், முடியாம கெடக்கறாருன்னு."

வெள்ளிக்கிழமையிலிருந்து ஐந்து நாள் அவர் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரையில் 'தேடுகிறது' என்று ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். அந்த வட்டமும் என் வேலைதான். புதன்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துக் காளஹஸ்தி வந்து, பஸ் ஸ்டாண்டில் தனக்குத் தெரிந்த தெலுங்கில், தன் பெரிய குரலில் விசாரித்திருக்கிறார்: எழுபது வயது, மனைவி இல்லை, அதிகம் பேசமாட்டார், ஆடு புலி ஆட்டம் நன்றாக ஆடுவார், இப்போது உடம்பு சரியில்லாமல் இருப்பார். ஒரு ஆட்டோக்காரர் யோசித்துப் பார்த்து, ஆற்றங்கரைப் பக்கம் அப்படி ஒருவர் இறந்துபோனாரே என்று ஏற்றிக்கொண்டு வந்து விட்டுவிட்டார். ஒரு ஊரில் அப்படிப்பட்ட கிழவர் ஒருவராவது இல்லாமல் இருப்பாரா?

இறந்தவரின் மகனுக்கு என் வயதுதான் இருக்கும், மொட்டை அடித்திருந்தார். என்னை வெளியே தண்ணீர்க் குழாய் பக்கம் கூட்டிப் போனார். அவர் பேசியதைத் தமிழில் சொல்கிறேன். "என் அப்பாவிடம் போனே கிடையாது. ரெண்டு வருஷமாக் கை நடுக்கம், டம்ளர்கூடப் பிடிக்க மாட்டார். உங்கள் அப்பா யாரைத் தேடி வந்தார்?"

மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். ஒரு சாவு வீட்டு வாசலில் நின்று என் உத்தியோகத்தை விளக்கினேன். இருபது வினாடி, மூன்று வாக்கியம், பார்க்காமல் விட்ட ஆடு, எல்லாம். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்படியென்றால் அந்த மனிதர் இல்லவே இல்லையா?"

"இல்லை."

அவர் குழாயைத் திறந்து காலில் தண்ணீர் விட்டுக்கொண்டார். "இத்தனை நாளில் ஊரே வந்தது" என்றார். "வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள். உங்கள் அப்பா வந்து போட்டோவைக் கையில் எடுத்து அழுதார். எங்கள் வீட்டில் யாரும் அப்படி அழவில்லை. நானும் அழவில்லை. ஆள் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். பதினோராம் நாள் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

சாவு வீட்டில் வரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நைனா போட்டோவை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். ஏர்பேடு தாண்டியதும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். சொல்வதென்றால் கத்த வேண்டும், பஸ் முழுக்கக் கேட்கும், இறங்கிய பிறகு சொல்லலாம் என்று எனக்கே ஒரு சாக்கு. அதற்குள் அவர் பேசினார்.

"காது கேக்காதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். கை நடுக்கமாம், புள்ள சொல்லிச்சி. அதாண்டா காய் நகத்த அவ்ளோ நேரம். எனக்கு தெரியாம போச்சி. இன்னா மனுசன்யா இவ்ளோ நேரம் பண்றான்னு ரெண்டு மூணு தபா சலிச்சிக்கினேன்."

இதைச் சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா போனபோதுகூட நைனா அழுது நான் பார்த்ததில்லை. மூன்று முதல் இருபது வரை என்று நான் எழுதிய இரண்டு எண்ணுக்காக அவர் அழுதார்.

வீட்டுக்கு வந்ததும், சாவுக்குப் போய் வந்தவர்கள் குளிக்காமல் உள்ளே போகக் கூடாது என்று பின்பக்கமாகப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். "நீயும் ஊத்திக்கினு உள்ள வா" என்று குடத்தைக் கொடுத்தார். நான் நிறுத்திய ஒரு வரிக்காக நானும் தலை முழுகினேன். வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் அதைவிட வெட்கப்பட்டது வேறு இல்லை.

பதினோராம் நாள் போனோம். அந்த மகன் நைனாவுக்குத்தான் முதல் இலை போட்டார். பெரிய குரலில், எந்த ஆட்டத்தில் எப்படி அவர் புலியை நகர்த்தினார் என்று நைனா சொல்லச் சொல்ல, அந்தக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து தங்களுக்குத் தெரியாத ஒரு அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது. மகன் தலைகுனிந்து கேட்டார். ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நைனா போனில் பிறகு ஆடவேயில்லை. சென்னை வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. அங்கே போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போய், சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டேன். ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை, புலிக்கு மூன்று ஜல்லி. மணி நாலு. நைனா பார்த்தார், எதிரே வந்து உட்கார்ந்து ஆடுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடியது அதுதான் முதல் தடவை. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் எதிராளி எழுதிக் கொடுத்தவனுக்கு அது அதுவரை தோன்றவில்லை.

மூன்று ஆட்டம் அவர் தோற்றார். நாலாவதில் ஒரு ஆடு தனியாக நின்றது. என் புலியை வேறு பக்கம் நகர்த்தினேன்.

நைனா காயை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "உட்டுக் குடுக்காத" என்றார். "அது அவரு பண்ணுவாரு. நீ ஒழுங்கா ஆடு."

புலியைத் திரும்ப எடுத்து வைத்து அந்த ஆட்டை வெட்டினேன். அந்த ஆட்டத்திலும் நைனா தோற்றார். புளியங்கொட்டைகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடினார். பையை எடுத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வரேன், நைனா" என்றேன். கேட்கவில்லை. குனிந்து வலது காதில் சத்தமாக, "ஞாயித்துக்கெழம வரேன்" என்றேன்.

"சரி" என்றார். டப்பாவைப் பீரோவில் வைத்துவிட்டு வந்து, "அவரு தெனமும் வருவாரு" என்றார்.